ஒன்பது பாகம், ஆறு மணித்தியாலம்

முதல் கிழமையிலேயே
இரண்டு ராச்சியங்களை ஒன்றாக்கிவிட்டோம்,
வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம்,
பேக்கரிக்கு மேல்மாடியில்,
மாலுபாண் வாசத்தோடு.
வடக்கு ராணியும் தெற்கு ராணியும் இனி ஒரே நடிகை.
நாலாயிரம் பேர் குதிரைப்படைக்கு
நுவரெலியாவிலிருந்து வருவது ஏழு குதிரை,
அதிலும் ஒன்றுக்கு இருமல்.
கமராவுக்குப் பின்னால் சுற்றிவந்து
திரும்பத் திரும்ப ஓடினால் படைதானே என்கிறாள்
கணக்குப் பார்க்கும் ரிஸ்மினா.

பன்னிரண்டு வருஷம் விடியாத அந்த இரவு
மூன்றாம் எபிசோட்டில் நாற்பத்திரண்டு நிமிஷம்,
நடுவில் மூன்று தடவை பிஸ்கட் விளம்பரம்.
பறக்கும் மிருகத்தின் வாலை மட்டும் காட்டலாம்.
முழு உடம்புக்குக் கேட்கிற காசில்
பம்பலப்பிட்டியில் ஒரு ஃபிளாட் வாங்கலாம்.

சண்டை வந்தது பாஷையில்தான்.
ராணி எந்தத் தமிழ் பேசுவாள்?
"கதைப்பாள்" என்று திருத்தினான் குகதீபன்.
அவன் பருத்தித்துறை.
கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்கு
"வாங்கோ"வும் "வாங்க"வும்
ஒரே வாக்கியத்தில் வரும்.
கடைசியில் அரண்மனைக்குச் செந்தமிழ்,
வாசல் காவல்காரனுக்கு என்னுடைய தமிழ்
என்று தீர்ந்தது.
யார் தீர்த்தது என்று கேட்க வேண்டாம்.

எழுதியவர் செபமாலை, மட்டக்குளியில் இருக்கிறார்.
துறைமுகத்தில் பெட்டி எண்ணும் கிளார்க், முப்பத்தொரு வருஷம்.
கப்பல் வராத இரவுகளில் எழுதியதுதான் ஒன்பது பாகமும்.
வெள்ளிக்கு வெள்ளி நான் ஃபோன் எடுத்து
இந்தக் கிழமை யாரைக் கொன்றோம் என்று சொல்ல வேண்டும்.
தம்பி இளவரசனை எடுத்துவிட்டோம்.
"சரி."
மந்திரவாதியின் மனைவிமார் மூன்று பேரையும்.
"நல்லது, அந்த மனுஷனுக்கே அது பாரம்."
உப்பாறு மலை ஏறி ஓடுவதை.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"செலவோ?"
"ஓம், செலவு."

ஏழாம் பாகம், பதினெட்டாம் அத்தியாயம்.
அதில் கதை இல்லை.
ஏரிப் பக்கம் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள்,
பதினாலு பக்கம், பெயர் மட்டும்.
மற்ற எட்டுப் பாகத்திலும்
வாய்க்குள் நுழையாத ராச்சியத்துப் பெயர்கள்;
இங்கே மட்டும்
கடிதத்தின் மேல் எழுதுகிற பெயர்கள்.

சனலிலிருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது வேண்டாமே. சனம் வேற என்னவும் நினைக்கும்."
என்ன நினைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கடற்கரைப் பாதையில் ரயில் போனது.
ஜன்னல் அதிர்ந்து முடியும்வரை
எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரிஸ்மினாதான் சொன்னாள்,
கல்குலேட்டரிலிருந்து நிமிராமல்:
"கடைசியில பேர் ஓடும்தானே,
லைட் பிடிச்சவர், மேக்கப், சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்.
அதோட சேர்த்து விடுங்க.
அதை யாரும் பார்க்கிறதில்ல."

வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன்.
படத்தில் வேலை செய்தவர்கள் என்றுதான் சனம் நினைக்கும்,
பரவாயில்லையா என்றும் கேட்டேன்.
"நினைக்கட்டும்" என்றார்.
"சம்பளம் வாங்கின ஆக்களாகவாவது இருக்கட்டும்."

இப்போது இரவு பதினொன்று.
பேக்கரி பூட்டியாகிவிட்டது.
இருநூற்றுப் பதினொரு பெயர்களை டைப் செய்து
எழுத்துப்பிழை பார்க்கிறேன்.
நூற்று நாற்பதில் நிற்கிறேன்:
பூரணம் செல்லத்துரை.
நடுவில் காற்புள்ளி இல்லை.
மற்ற எல்லாப் பெயருக்கும் பின்னால் இருக்கிறது.
ஒருத்தியா, இரண்டு பேரா?
முதல் பதிப்பிலும் இப்படித்தான்.
ஒரு வரியா இரண்டு வரியா என்று
நாளைக் காலைக்குள் சொல்ல வேண்டும்.

தூங்கியிருப்பார்.
ஆனாலும் எடுக்கிறேன்.

மூன்றாம் மணியில் வருகிறார்.
ஹலோ சொல்லவில்லை.
"எந்தப் பெயர்?" என்கிறார்.