இரண்டு வரி

ஒப்பந்தத்தில் என் பாத்திரத்துக்குப் பெயர் இல்லை.
பணிப்பெண் என்று மட்டும் போட்டிருந்தது.
இரண்டாம் அங்கம், ஒரு வெள்ளித் தட்டு,
தட்டில் ஒரு கடிதம்,
வாயில் இரண்டு வரி இத்தாலியம்.
மொத்தம் பதினோரு நொடி.

அந்தப் பதினோரு நொடிக்காக
ருவியில், கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடத்தில்
ஆறு வாரம் பாடினேன்.
வாடகை அறையின் சுவர் வெறும் அட்டை,
அடுத்த அறை நர்ஸுக்கு இரவுப் பணி.
இரவல் கொரோலாவின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
ஏசியை அணைத்துவிட்டு
(தொண்டைக்கு அது எமன்)
ஜூலை மாதத்தில்
முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள
அந்த இரண்டு வரிக்குத் தேவையே இல்லாத
உச்சிச் சுரங்களையும் சேர்த்தே தேடினேன்.
சிட்டகாங் காவலாளி ஒருநாள் கண்ணாடியைத் தட்டினார்:
ஊரில் யாராவது தவறிட்டாங்களா?

இத்தாலியத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.
ப ஒன்று, ஒலி இரண்டு. க-வும் அப்படித்தான்.
அதிர வேண்டிய எழுத்தின் தலையில் சிவப்புப் பொட்டு,
காற்றாய் வருவதற்கு முன்னால் ஓர் ஆய்தம்.
பியானோ வாசிக்கும் லாமரா, ஜார்ஜியாக்காரி,
தாளை எட்டிப் பார்த்து
என் ஊர் எழுத்துக்குத் தங்கை மாதிரி இருக்கே என்றாள்.
பிறகு பாடச் சொல்லிக் கேட்டாள்.
இவ்வளவு சுத்தமான உயிரெழுத்தை எங்கே வாங்கினாய்?
ஆ. ஏ. ஈ. ஓ. ஊ.
தூத்துக்குடியில், ஒன்றாம் வகுப்பில்,
இரண்டிரண்டு மாத்திரையாக,
காசில்லாமல்.

காசு ஆனதெல்லாம் அதற்குப் பிறகு.
அம்மா இதே நகரத்தில்தான் இருந்தாள்,
அல் குவைரில், உம் ஹிலால் வீட்டில்,
பத்தொன்பது வருடமாக.
எஜமானியை 'மாமா' என்று கூப்பிடுகிற வேலை.
சின்ன வயதில் போனில் கேட்டுக் குழம்பியிருக்கிறேன்,
எந்த மாமா அம்மாவைத் திட்டுகிறார் என்று.
சென்னையில் என் குரலுக்குக் கட்டிய பணமெல்லாம்
அந்த வீட்டுத் தட்டுகளில் நடந்து வந்தது.

முதல் இரவுக்கு உம் ஹிலால் விடுப்பு கொடுத்தார்,
கூடவே ஒரு கறுப்புக் கைப்பை, திருப்பித் தர வேண்டியது.
மூன்றாம் அடுக்கில், தூணை ஒட்டிய நாற்காலி.
நடந்தேன். பாடினேன். கடிதம் எடுக்கப்பட்டது.
கைதட்டல் இல்லை. இருக்கவும் கூடாது,
நாயகி அழத் தொடங்கியிருந்தாள்.

பின்வாசலில் டாக்சிக்கு நின்றபோது
என் கன்னத்துப் பூச்சைக் கைக்குட்டையால் துடைத்தாள் அம்மா.
நல்லாத்தான் இருந்துச்சு.
டாக்சி வரவில்லை.
தட்ட அப்படி நெஞ்சுக்கு நேரா புடிக்கக் கூடாது டெல்பின்.
இடுப்புக்கு மேல, ஒரு சாண் தள்ளி.
அவங்க கை நீட்டுத ஒசரத்துக்கு அது போகணும்.
அப்பறம் அந்தம்மா மூஞ்சியப் பாக்க நீ.
வேலைக்காரி பாக்க மாட்டா.
கடுதாசியத்தான் பாப்பா.

மறுநாள் அப்படியே செய்தேன்.
திரை விழுந்ததும் இயக்குநர் இறங்கி வந்து
முதல்முறையாக
என் பெயரைக் கேட்டார்.

மூன்று பருவம் ஓடிவிட்டது.
தோழி, மாற்று ஆள், யாரோ ஒருவரின் தங்கை,
ஒருமுறை திரைக்குப் பின்னிருந்து வெறும் பறவை.
துபாயில் ஓர் இரவு, தோஹாவில் இரண்டு.
புழுதிக் காற்றில் குரல் போய்
நான்கு நாள் இஞ்சியும் துண்டுச்சீட்டுமாகப் பேசியது.
அம்மா இன்னும் அல் குவைரில்தான்.
நீ கட்டுற வாடகைக்கு நான் இங்கயே இருந்துக்கிடுதேன் என்கிறாள்.

இப்போது ஒப்பந்தத்தில் பெயர் இருக்கிறது. சீமாட்டி.
தட்டு அதேதான், கிடங்கிலிருந்து எடுத்து மெருகு போட்டிருக்கிறார்கள்.
மணிலாவிலிருந்து வந்த மரிவிக் தூக்கி வருகிறாள்,
இருபத்திரண்டு வயது,
நெஞ்சுக்கு நேராக.

பார்க்காதே என்கிறார் இயக்குநர்.
சீமாட்டி கடிதத்தை எடுப்பாள், கொண்டுவந்தவளைப் பார்க்க மாட்டாள்.
சரி என்கிறேன்.
இசைக்குழு பக்கத்தைப் பின்னால் திருப்புகிறது.
கை நீட்டுகிறேன்.
பார்த்துவிடுகிறேன்.

மறுபடி, என்கிறார்.