கூட்டக் குறிப்பு, பக்கம் ஏழு

புக்கிட் மெர்தாஜாம் சமூக மண்டபத்தில்
ஏர்கோன் ஒன்றுதான் வேலை செய்தது.
கம்பெனிக்காரர்கள் அதன் கீழே உட்கார்ந்தார்கள்.
எனக்குச் சுவரோரம் ஒரு மேசை, மடிக்கணினி,
எல்லாருக்கும் வைத்ததுபோல் ஒரு போத்தல் தண்ணீர்.
யார் எந்த மொழியில் பேசினாலும்
மலாயில் சுருக்கி அடிப்பது என் வேலை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணி அடிக்க ஒரு பையன்.

கெரியாங் ஏரியைத் திரையில்
குறுக்கே வெட்டிக் காட்டினார்கள், லாப்பிஸ் கேக் மாதிரி.
மேலே நீலம். அடியில் களிமண் பழுப்பு.
அதற்கும் அடியில் சாம்பல் வட்டம், சுரங்கம்;
வட்டத்துக்குள் எண்ணெய் போகும் சிவப்புப் புள்ளி.
முப்பத்தெட்டு மீட்டர் ஆழம், என்றார் இஞ்சினியர் ஹைருல்.
கெட்டவர் இல்லை.
கேட்டவர்களின் பெயரைக் கேட்டு,
பெயர் சொல்லியே பதில் சொன்னார்.
பத்தாயிரம் வருஷத்தில் ஒரு தடவை நடக்கலாம், என்றார்.
"அந்த ஒரு தடவை முதல் வருஷமே வந்துட்டா?"
பின்வரிசையில் யாரோ. சிரிப்பு.
சிரிப்பைப் பதிவதில்லை.

தாவ்ஃபூ பட்டறை நடத்தும் மேடம் ஊய்
படத்தில் மீன் எங்கே என்று மட்டும் கேட்டார்.
தூண்டில்காரர்கள் கை தட்டினார்கள்.
நான் அடித்தேன்:
கவலை கருத்தில் கொள்ளப்பட்டது.

டயாலிசிஸ் மையத்து நர்ஸ் குணவதி
சீருடையோடு வந்திருந்தாள், ஷிஃப்டுக்கு நடுவில்.
ஓர் ஆளின் ரத்தத்தை ஒரு தடவை கழுவ
நூற்றிருபது லிட்டர் தண்ணீர், என்றாள்.
வாரம் மூன்று தடவை.
எங்களிடம் அறுபத்தொரு பேர்.
குழாயில் வாடை வந்தால்
நீங்கள் கடையில் போத்தல் வாங்கிக்கொள்வீர்கள்,
நான் இவர்களை எந்தக் கடைக்கு அனுப்ப?
மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டா
தினம் வேலைக்குப் போவது?
கசிவு, கசிவு என்றே சொன்னாள்.
நம் மொழியில் மனசும் கசியும்.
நான் போச்சோர் என்று அடித்தேன்,
வாளிக்கும் கூரைக்கும் போடுகிற சொல்.
மணி அடித்தது.
கவலை கருத்தில் கொள்ளப்பட்டது.

கடைசியில் சந்திரகாசன்.
பிறை ஆலைகளில் இருபத்தாறு வருஷம் வெல்டிங்.
வலது புருவத்தில் பாதி எரிந்து, திரும்ப முளைக்கவில்லை.
"நான் ஒட்டின ஒரு பைப்பும்
இதுவரைக்கும் ஒழுகினதில்ல" என்றார்.
கம்பெனி மேசையில் தலைகள் ஆடின.
"ஆனா" என்றார்.

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்,
சூடான ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பவர்போல.
பையன் மணியில் கை வைத்துக் காத்திருந்தான்.
அடிக்கவில்லை.
மௌனத்துக்கு விசைப்பலகையில் எழுத்து இல்லை.
அடுத்த வரி, அடுத்த வரி என்று
அழுத்திக்கொண்டே இருந்தேன்.
பக்கம் ஏழு பாதிவரை வெறுமையாக இறங்கியது.

திங்கட்கிழமை மேலதிகாரி
ஃபார்மட் ஓடியிருக்கிறது என்று
அந்த வெற்றிடத்தை அழித்துவிட்டார்.
இறுதிப் பிரதியில் அந்த ஒரு சொல்
கீழே இருந்த தலைப்போடு போய் ஒட்டிக்கொண்டது:
ஆனால் தேநீர் இடைவேளை.
ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் திருத்தவில்லை.

எண்ணெய் போவதற்கும் குழாய் என்கிறோம்,
அடுப்படியில் திறப்பதற்கும் குழாய்.
மலாயிலும் இரண்டும் பைப்தான்.
இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

இரவு அரிசி களையக் குழாயைத் திறந்தேன்.
முதல் தம்ளரைப் பிடித்து மோந்து பார்த்தேன்.
குளோரின் வாடை, வேறொன்றுமில்லை.
இன்னும் ஒரு பிடி மண்கூடத் தோண்டவில்லை.
தெரியும். நான்தானே அடித்தேன்.
இரண்டாவது தம்ளரையும் மோந்தேன்.