ஆடுசதை

இரண்டு பத்துக்கு இடது ஆடுசதை துடித்தது.
நாற்பது எண்ணுவதற்குள் மறுபடியும்.
போர்வைக்குள் யாரோ
பல்லி வாலைப் போட்டுவிட்டுப் போன மாதிரி.

நோயின் பெயரை நான் சொல்வதில்லை.
ராத்திரியில் பாம்பைப் பாம்பென்று சொல்லாத
வீட்டில் வளர்ந்தவன்.
பூச்சி என்போம்.
இதற்கும் பூச்சி என்றே வைத்திருக்கிறேன்.
லட்சத்தில் ஓரிருவருக்குத்தான் வருமாம்.
அந்த ஒருவர்
அனுப்பானடியில் குடியிருக்கக் கூடாதா என்ன?

ரிங் ரோட்டில் எனக்கு எடைமேடை உத்தியோகம்.
ஜல்லி லாரி, வைக்கோல் லாரி, நெல் டிராக்டர்
ஏறி நிற்கும், இறங்கிப் போகும்.
பத்து கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்கு எதுவும் தெரியாது.
ஒரு தேங்காய் கூடினாலும் குறைந்தாலும் அதே சீட்டுதான்.
அப்படி ஓர் உடம்பு வாய்த்திருக்கலாம்.
என்னுடையது நகைக்கடைத் தராசு,
மூச்சுப் பட்டால் முள் ஆடுகிறது.

போன மாதம் நரம்பு டாக்டர்
காலில் ஊசி குத்திப் பார்த்தார்.
தகரக் கூரையில் மழை விழுவதுபோல் மிஷின் இரைந்தது.
ஒன்றுமில்லை என்றார்.
"ஆடுசதைன்னு பேரை வச்சுட்டு
ஆடுதேன்னு வந்தா எப்படி?
டீயைக் குறைங்க. தூங்குங்க."
சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.
மாடிப்படி முடிவதற்குள்
வலது காலில் குத்தியிருப்பாரோ என்றிருந்தது.

பேச்சி தூங்குகிறாள்.
அவளுக்கு நிஜமாகவே சர்க்கரை, இருநூற்றுப் பத்து.
மாத்திரையை முழுங்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினால்
விடிந்துதான் முழிப்பு.

காலண்டர் அட்டைக்குப் பின்னால்
துடி பலன் போட்டிருந்தது.
இடது கெண்டைக்கால்: தூரப் பயணம்.
செல்போன் வெளிச்சத்தில்
அதை மூன்று தரம் படித்தேன்.

குதிகாலில் நின்றேன். நுனிக்காலில் நின்றேன்.
சட்டைப் பொத்தானை இடது கையால் மட்டும்
போட்டேன், கழற்றினேன், போட்டேன்.
குளியலறைக் கண்ணாடி முன்
நாக்கைத் தொங்கவிட்டு நடுங்குகிறதா என்று பார்த்தேன்.
ஐம்பத்தொரு வயதில்,
பனியனோடு ஒரு காளி.
"யாரு அங்க?"
"நாந்தான்."
"லைட்ட அமத்துங்க, மீட்டர் ஓடுது."

மூன்றரைக்கு வெளியே வந்துவிட்டேன்.
சிந்தாமணி ரோட்டில் ஒரு முட்டை வண்டி
நடுவில் படுத்திருந்தது.
"அண்ணே, இங்கிட்டு வாங்க, ஒரு கை குடுங்க.
பதனமாத் தள்ளணும், அம்புட்டும் முட்டை."

சரக்கோடு ஒன்றே முக்கால் டன்,
கண்ணாலேயே போட்டுவிட்டேன்.
தள்ளினோம்.
மேடு. கொஞ்சம் பள்ளம். நாய் ஒன்று கூடவே வந்தது.
முட்டைகள் அட்டைக்குள் தொடத்தொட
உள்ளே என்னவோ முணுமுணுத்தன.
சட்டென்று இன்ஜின் பிடித்தது.
பையன் நிற்கவில்லை. நின்றால் மறுபடி அணைந்துவிடுமே.
ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் நீண்டு ஆடியது.

என் செருப்பு ஒன்று முப்பதடி பின்னால் கிடந்தது.
எடுக்கப் போகும்போதுதான் தோன்றியது,
எந்தக் காலை ஊன்றித் தள்ளினேன்?
யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.
மேடு ஞாபகம் இருக்கிறது, நாய் இருக்கிறது.
கால் இல்லை.
இன்னொரு தரம் தள்ளிப் பார்க்கலாமென்றால்
ரோட்டில் வேறு வண்டி எதுவும் பழுதாகவில்லை.

காலையில் வண்டி வராத நேரம் பார்த்து
மேடையின் நடுவில் நான் ஏறி நின்றேன்.
சிவப்பு எண் எழுபது காட்டியது.
காத்திருந்தேன்.
துடித்தது.
எழுபது.
மறுபடி துடித்தது.
எழுபது.
உள்ளே போய்ச் சீட்டுப் போட்டேன்.
வண்டி எண் கேட்டது, விட்டுவிட்டேன்.
சரக்கு கேட்டது, அதையும்.

சாயங்காலம் துவைக்க எடுத்த சட்டைப்பையில்
பேச்சி அதைப் பார்த்துவிட்டாள்.
"எழுபது கிலோவுல என்ன லாரிங்க?"
அவள் கையிலிருந்து வாங்கி
மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

அன்று ராத்திரி
இரண்டரை வரை தூங்கினேன்.