நிகர எடை

வாளையாற்றுப் பாலத்தில் டேங்கர் கவிழ்ந்ததாம்.
க.க.சாவடி வரை சிவப்பு விளக்குகள்.
என் எடைமேடையில் வண்டி ஏறி மூன்று மணி நேரம்.
பச்சை எண் பூஜ்ஜியத்தில் கிடந்தது;
கணவாய்க் காற்றுக்கு மட்டும்
பத்து, இருபது என்று தடுமாறியது.

சித்தூர் படச் சங்கத்து ஜெஸ்னா,
காரில் புரொஜெக்டரோடு மாட்டிக்கொண்டவள்,
"அக்கா, கொஞ்சம் கரண்ட் தருவீங்களா" என்றாள்.
எதிரே வெள்ளைக் கன்டெய்னர்,
கொச்சிக்குப் போகும் திருப்பூர் பனியன்.
அதன் விலாவில் படம் போட்டாள்.

டக்காரில் எடுத்தது.
பாதி கட்டிய மாடி, கம்பி நீட்டிய தூண்கள்.
நீலச் சட்டையில் ஒருத்தி
வங்கிக்குப் போகிறவள் மாதிரி நடந்துவந்து
குதிகாலை ஒருமுறை வைத்தாள்.
அவ்வளவுதான். வைத்தாள்.
சிமென்ட் பொடி கிளம்பியது.

"கொட்டு எவிடே?" என்றார் குஞ்ஞாப்பு.
கொட்டு இல்லை. மூச்சு இருந்தது.
எங்கோ கலவை இயந்திரம் சுற்றியது.
"டான்ஸா, சென்ட்ரிங் பிரிக்கிற வேலையா?"
சங்ககிரி செங்கோடன் கேட்டான்.
யாரும் சிரிக்கவில்லை. அவள் தோள்
தனியாக ஒரு திசைக்குப் போய்விட்டிருந்தது,
இடுப்பு அதைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான்.
இருபத்திரண்டு வருஷம்.
அச்சு முனகுவதை வைத்தே சொல்வேன்
மணலா, மரமா, மாடா,
எத்தனை டன் பொய் என்று.
அவளை ஐம்பத்தெட்டு என்று வைத்தேன்.
முழங்காலில் இறங்கினால் எழுபது.
ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றபோது
எண்ணே பிடிபடவில்லை.

பிறகு தாவினாள்.
மேலே, சட்டை பறக்க,
படத்தை வெட்டிவிட்டார்கள்.
அடுத்து கடற்கரையில் நடக்கிறாள்.
இன்னொரு தாவல். வெட்டு. லிப்ட் குழியின் இருட்டு.
மூன்றாவது தாவல். வெட்டு.

"இறங்கினது எங்கே?" என்றேன் சத்தமாக.
"அதான் அக்கா எடிட்டிங்."
"ஏத்தினதைக் காட்டிட்டு
இறக்கினதை மறைச்சா
எங்க மேடையில கேஸு."
"பொறுங்க" என்றாள்.

கடைசியில் வந்தது.
காமிரா தரையில் கன்னம் வைத்துக் கிடந்தது.
பாதங்கள் மட்டும்.
மூன்று தாவலின் இறக்கமும் ஒன்றன்மேல் ஒன்று,
குதிகால், குதிகால், குதிகால்.
கன்டெய்னர் தகரம் அதிர்ந்ததா
ஸ்பீக்கர் அதிர்ந்ததா, தெரியாது.
செங்கோடனின் பீடி விரலிடுக்கில் அணைந்திருந்தது.

பெயர்கள் ஓடும்போதே பாலம் திறந்துவிட்டது.
கன்டெய்னர் நகர, எழுத்துகள்
பின்னாலிருந்த கருவேலத்தில் விழுந்தன,
முள்ளில் மாட்டி வாசிக்க முடியாமல்.
ஹாரன்கள். எல்லோரும் ஓடினார்கள்.

நான் மேடையில் ஏறினேன்.
சேலையைச் செருகிக்கொண்டு
முழங்கால் விட்ட அளவு, இரண்டு விரற்கடை,
குதித்தேன்.
எண்காட்டி அறைக்குள் இருக்கிறது;
குதித்தவள் பார்க்க முடியாது.
சிமென்ட் லாரி ஒன்று விளக்கைச் சிமிட்டியது:
"அக்கா, இறங்குங்க."