மங்களங்கொம்பு வளைவு

பம்பு மட்டும் போதும் என்றுதான் போனேன்.
காப்பிச் செடிகளுக்கு ஓரமாக நின்றது அது.
சக்கரங்கள் எப்போதோ விற்றுப்போய்
நாலு கல்லின் மேல்.
பானட்டில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

இருளாயி அக்கா முறத்தோடு வந்தார்.
ஒரு மிளகு விடாமல் கூட்டி அள்ளிய பிறகுதான்
விலையைச் சொன்னார்.
"பம்பைக் கழட்டிட்டா மிச்சத்த எவன் கேப்பான்?
எடுத்தா முழுசா எடு."
தலைக்கறி கேட்டு வந்தவனிடம்
ஆட்டையே விற்கத் தெரிந்தவர்.

வீட்டுக்காரர் திருப்பூர் போனதிலிருந்து நிற்கிறதாம்.
மழை நின்றுபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிலவேந்திரன் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான்,
ஸ்பேனரால் சேசிஸைத் தட்டினான்.
தொப்பென்றது.
"உளுத்துப்போச்சு" என்றான் என் காதோடு.
அதையே ஊருக்குக் கேட்கச் சொல்லி
மூவாயிரம் குறைத்தேன்.

முதலில் கழற்ற வேண்டியிருந்தது
அடியில் படுத்திருந்த செவலை நாயை.
பிடரியைப் பிடித்து இழுத்தால்
நாலு காலும் பிரேக் போட்டது.

மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறியும்
அசையாத போல்ட்டுகள்.
டேஷ்போர்டுக்குள்
இன்சூரன்ஸ் தாளைப் பஞ்சாகக் கிழித்து
எலி குட்டி போட்டிருந்தது.
எட்டுக் குட்டிக்கும் சேர்த்து
கவரேஜ் முடிந்து நாலு வருஷம்.

தாண்டிக்குடியில், என் கொட்டகையில்,
பம்பை மாட்டினோம்.
ஹெட்டில் விரிசல் என்றான். அதனுடைய ஹெட்டை மாட்டினோம்.
பிளாக்கே தேய்ந்திருக்கு என்றான்.
இஞ்சினுக்குப் பின்னாலேயே
பல் பொருந்தவில்லை என்று கியர்பாக்ஸ் வந்தது,
கியர்பாக்ஸுக்குத் துணையாக முன் ஹவுசிங்,
ஸ்டீரிங், பட்டை, செல்ஃப் மோட்டார்.
திறக்கத் திறக்க
என் வண்டி குறைந்துகொண்டே வந்தது.

சுவரில் கரியால் கணக்கு எழுதுவான் பிலவேந்திரன்.
'உன்னுது' ஒரு பக்கம், 'அதுது' ஒரு பக்கம்.
சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
என் பக்கத்தில் சேசிஸ், பாடி,
டயர் நாலு, நம்பர் பிளேட் ரெண்டு.
"அப்ப எத எதுக்குடா மாட்டுறோம்?"
புகையிலையைத் துப்பிவிட்டு
பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு என்றான்.

பம்பின் திருகைத் தளர்த்திக் கையால் அடித்தோம்.
நுரை. நுரை.
அப்புறம் ஒரு கொப்புளம்கூட இல்லாத டீசல்
என் விரலிடுக்கில் வழிந்தது.
ஹீட்டர் சிவக்க இருபது எண்ணினேன்,
குளிருக்கு இன்னொரு பத்து.
வெள்ளைப் புகை சௌசௌ பந்தல்வரை போய்த் திரும்பியது.

என் பழைய இஞ்சின் இருமும்.
இது, தொண்டையைச் செருமிவிட்டு
சபையில் பேச எழுந்த ஆள் மாதிரி.
அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த தெரசம்மாள்
வாசலில் நின்று கேட்டாள்:
"யாரு வண்டி வந்திருக்கு?"

முதல் லோடு, மலைவாழைத் தார் நாற்பது.
மங்களங்கொம்பு வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.
மேலே, காப்பிக்குள்ளிருந்து
செவலை உருண்டடித்து ஓடி வந்தது,
வாலோடு சேர்ந்து பாதி உடம்பும் ஆட.
பிரேக்கை மிதித்தேன்.

டிரைவர் பக்கம் வந்து நின்று
அண்ணாந்து பார்த்தது என்னை.
ஆட்டிய வால்
எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஆடியது.
என்ன சொல்வது நான்?
இஞ்சினை அணைக்கவும் தோன்றவில்லை.

பிறகு குனிந்து முன் டயரை முகர்ந்தது.
என் டயர். என் கொட்டகை,
என் ஆடுகள், என் வீட்டு நாய்
எல்லாம் அதில் இருந்திருக்கும்.
காலைத் தூக்கியது.
அடுத்த டயருக்குப் போனது.

பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்துகிறான்.
நாலையும் முடித்துவிட்டுத்தான்
வழி விட்டது.