கம்பிப் பதம்

மேல்விஷாரம் இத்ரீஸ் பாய்
தோல் கண்காட்சிக்கு மிலான் போய்த் தூக்கி வந்த மிஷின்.
வீட்டில் ஒருவரும் சீந்தவில்லை.
"டீ போடுமா இது?" என்று கேட்ட மாமியார்
பழைய தாவணியால் மூடிவிட்டாராம்.
பாதி விலை. அதையும் நாலு தவணையில் கொடுக்கிறேன்.

என் அறை சைதாப்பேட்டையில்.
சென்னையுடையது அல்ல, வேலூர் சைதாப்பேட்டை.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்
வாரக்கணக்கில் தங்கும் சந்து.
கடைப் பலகைகளில் தமிழுக்கு மேலே வங்காளம்.

நான் ரத்தம் எடுப்பவன்.
நாளைக்குத் தொண்ணூறு கை.
நரம்பே தெரியாத கையிலும்
இரண்டு தட்டில் பிடித்துவிடுவேன்.
அந்தத் திமிரில்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் பன்னிரண்டு நொடியில்
எல்லாம் ஓடி முடிந்தது.
புளிப்பு. நாக்கின் ஓரம் சுருண்டது.
காபி மில்லை நாலு கண்ணி இறுக்கினேன்.
மறுநாள் மிஷின் முக்கி முனகி
நாற்பது நொடிக்குப் பிறகு
ஒரு சொட்டு
தார்.

லாங்கு பஜாரில் நகைத் தராசு கேட்டேன்.
"எவ்வளவு எடை போடணும்?"
பதினெட்டு கிராம்.
"ரெண்டேகால் சவரன். யாருக்குப்பா கல்யாணம்?"

போர் தண்ணீர் ஊற்றினால்
மாதத்தில் இதற்கும் கல் அடைக்கும் என்று
கேன் தண்ணீர் வாங்கினேன்.
கார்க்கில் நாலு தையல் ஊசி குத்தி
தூளில் கட்டி உடைத்தேன்.
ஒரு நோட்டு போட்டேன்.
எடை, இறங்கியது, நொடி, சுவை.
சுவைக் கட்டத்தில்
புளிப்பு, கசப்பு, புளிப்பு, ரப்பர்,
தெரியவில்லை, கசப்பு.

ஒருநாள் வடிகட்டியைக் கவிழ்த்தால்
காபி வில்லையின் ஓரத்தில் குண்டூசித் துளை.
சாய்த்து அமுக்கியிருக்கிறேன்.
தண்ணீர் அந்த இளைத்த இடத்தைத் தேடிப் பிடித்து
அதன் வழியே மட்டும் ஓடியிருக்கிறது.
மீதித் தூள் சும்மா நனைந்து உட்கார்ந்திருந்தது.
இவ்வளவு சீக்கிரம் நரம்பு பார்க்க
எனக்கு வராது.

மிச்சப் பழி கரண்டுக்கு.
சித்திரை மாத ராத்திரியில்
சந்து முழுக்க ஏசி ஓடும்போது
அழுத்த முள் ஆறிலேயே நிற்கும்,
படியேறி மூச்சு வாங்குகிறவர் மாதிரி.
விடியற்காலை நாலே முக்காலுக்கு வைத்துப் பார்த்தேன்.
முள் ஒன்பதுக்குப் போய் அசையாமல் நின்றது.

ஏழு நொடி ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு நூல்.
அதிரசப் பாகு கம்பிப் பதத்தில்
கரண்டியிலிருந்து இறங்குமே, அப்படி
அறுபடாமல், அவசரப்படாமல்.
மேலே ஒரு பழுப்பு நுரை,
சரியாக இத்ரீஸ் பாய் செருப்பின் நிறம்.
முப்பத்தாறு கிராம். இருபத்தெட்டு நொடி.
நான் மூச்சு விடவில்லை.

எதிர் அறைக் கதவு திறந்தது. ஷிபானி அக்கா.
மால்டாவிலிருந்து வந்து பத்தொன்பது நாள்.
அவர் கணவர் கையில் நேற்று
ஐந்து குழாய் எடுத்தது நான்தான்.
"ரிப்போர்ட்?" என்றார்.
எடுப்பது மட்டும்தான் நான்,
அதற்குப் பிறகு அது எங்கே போகிறதென்று
எனக்கும் முழுசாகத் தெரியாது.
இதை எந்த மொழியில் சொல்ல?
கோப்பையை நீட்டினேன்.
அளவைப் பார்த்துவிட்டு "ஓஷுத்?" என்றார்.
மருந்து இல்லை அக்கா, காபி.

உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தார்.
ஒரு ஸ்பூன்.
இரண்டு.
வேண்டாம் என்பது தொண்டைவரை வந்தது.
மூன்று.
கலக்கி, ஒரு வாய் குடித்து,
மீதியைப் புடவைத் தலைப்பால் மூடி
அவருக்குக் கொண்டுபோனார்.

நோட்டை எடுத்தேன்.
பதினெட்டு. முப்பத்தாறு. இருபத்தெட்டு.
சுவை: எதிர் அறையில் கேட்க வேண்டும்.

அதே எடை, அதே கண்ணி, உடனே இன்னொன்று போட்டேன்.
பதினைந்து நொடி.
புளிப்பு.