ஐஸ் வைப்பது

விடியாத நாலு மணிக்கு
அடிபம்பு இருமத் தொடங்கும்.
பதினோரு குடம் எங்கள் பங்கு.
பத்தரை என்று வீட்டில் கணக்குச் சொல்வேன்.
அந்த அரைக் குடம்
கக்கூஸ் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே
நாலடி மண்ணில் நிற்பவளுக்கு.

குன்னூர்ப் பழப்பண்ணையில் கூலி பார்த்த தம்பி
ரொசாரியோ
கத்தார் போகும் முன் நட்டது.
தண்டில் கட்டியிருந்த சீட்டில் ‘குயின்ஸ்’ என்று இருந்தது.
எத்தனை ராணிடா என்றேன்.
பழம்க்கா, என்றான்,
பச்சையாய்க் கடித்தால் நாக்கு சுருங்கும்,
வேகவைத்தால் வெட்கப்பட்ட மாதிரி சிவக்கும்.

தங்கசாலை நாட்டுமருந்துக் கடையில் விசாரித்தேன்.
சீமைமாதுளை என்றார் பாய்.
விதை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.
ஊறினால் கொழகொழக்கும், வறட்டிருமலுக்கு ஆகும்.
மரத்தை அவரே பார்த்ததில்லை.
“இந்த ஊர்லயா?”
தராசு முள் நிற்கும்வரை என்னையே பார்த்தார்.

இந்த ஊரில்தான்.
போர் தண்ணீர் ஊற்றினால் இலையோரம் கருகும், அவ்வளவு உப்பு.
அரிசி களைந்த தண்ணீர் ஆகும்.
மீன் கழுவியது ஆகாது;
எங்கள் வீட்டில் அதுதான் அதிகம்.
கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் கரி
இலைமேல் மையாய்ப் படியும்.
ஞாயிறு பூசைக்குப் போகும் முன்
ஈரத்துணியால் ஒவ்வொன்றாய்த் துடைப்பேன்.
இலையின் அடியில்
பச்சைக் குழந்தையின் காதுமடல்போல் பூனைமயிர்.
அங்கே மட்டும் கரி ஏறுவதில்லை.

நாலு வருஷம். என் தோள் உயரம்.
பூ இல்லை.
வெள்ளிதோறும் கூப்பிடுவான்.
அம்மாவுக்கு ஒரு வாக்கியம், பணத்துக்கு ஒரு வாக்கியம்,
மிச்சமெல்லாம் மரம்.
“அதுக்குக் குளிர் வேணும்க்கா.
குளிர்ல ஒரு தூக்கம் தூங்கினாத்தான் பூக்கும்.”
அவன் இருக்கிற இடத்தில் அன்றைக்கு
நாற்பத்தெட்டு டிகிரி.

குளிர்தானே.
காசிமேட்டில் அதைப் பாளம் பாளமாய் விற்கிறார்கள்.
என் வீட்டுக்காரர் சூசைநாதன்
ஐஸ் ஃபேக்டரியில் பார் உடைப்பவர்.
ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து
உடைசல் ஒன்றைக் கோணியில் சுற்றி
மொபெட்டில் கொண்டுவந்தார், நான் கேட்காமலே.
“போட்ல ஏத்துற ஐஸ். இன்னும் மீன் தொடல.”
அடிமரத்தைச் சுற்றி அவர் அடுக்கியபோது
சாவு வீட்டில் அடுக்குவது ஞாபகம் வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாடி வீட்டு தேவகிருபை எட்டிப் பார்த்தாள்.
“புருஷனுக்கு ஐஸ் வைப்பாங்க, மாமியாருக்கு வைப்பாங்க,
மரத்துக்கு வைக்கிற ஆளை
இப்பத்தான் பாக்கிறேன்.”
மார்கழி முழுக்க வைத்தோம்.
ஆறு மணிக்கு வைத்தது எட்டு மணிக்குத் தண்ணீர்.
வெறும் கோணியை நக்கிக்கொண்டிருக்கும் ஒரு பூனை;
மீன் தொடாத ஐஸ் என்று அதற்கு யார் சொல்வது.

தை பிறந்து ஏழாம் நாள்
இலை உதிரத் தொடங்கியது.
ஞாயிறு துடைக்க ஒன்றுகூட மிச்சமில்லை.
கொன்றுவிட்டோமோ என்று
கிளையை நகத்தால் கீறினேன்.
தோலுக்கு அடியில் பச்சை, ஈரமாய்.

வெள்ளிக்கிழமை சொன்னேன்:
எல்லாம் கொட்டிப்போச்சுடா.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ அவன் பெயரைத் தப்பாய்க் கூப்பிட்டார்கள்.
பிறகு மெதுவாய், பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோல,
“தூங்குதுக்கா.
தண்ணியைக் குறைச்சுக்கோ.
எழுப்பிடாதே.”

இன்றும் பதினோரு குடம்.
பத்தரை என்றே வாயில் வந்தது.
பின்கட்டில்
இடுப்பில் அரைக் குடத்தோடு நிற்கிறேன்,
உள்ளே தண்ணீர் அலம்பாமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.